உயிர்க்கணக்கும் உயிரிரக்கமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலுமன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாதது வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இதனைப் பேணுதற்பொருட்டு 2022-ஆம் ஆண்டில் அரசினர் ஒரு திட்டம் வகுத்தனர். அதன்வழி 2024-ஆம் ஆண்டு ஏப்பிரல் 29 முதல் மே 1 வரை மலைதோறும் ஏறிக் கணக்கிட்டதில், இந்நாட்டெல்லைக்குள் 1,031 வரையாடுகள் உளவெனப் பெறப்பட்டது.

ஈண்டொரு தடை நிகழும். "உயிர்கள் எண்ணிறந்தன, என்றும் அழியாதன. ஓரினம் ஒழியினும் அவ்வுயிர்கள் வினைக்கீடாக வேறுடல் புகும். யோனிபேதம் எண்பத்து நான்கு நூறாயிரமெனச் சிவஞான சித்தியார் கூறாநிற்ப, அவற்றுள் ஒன்று குறைதற்கு வருந்துவதேன்? எண்ணுதலாற் பயன் யாது?" என்பர் சிலர்.

அது பொருந்தாது. உயிர் அழியாதென்பதுபற்றி உடலழிவு குற்றமன்றெனின், மக்கட்கொலையும் குற்றமன்றாய் முடியும். அஃது எவர்க்கும் உடன்பாடன்று. தனு கரண புவன போகங்கள், ஆன்மாக்கள் மலநீக்கம் பெறுதற்பொருட்டு இறைவன் அருளிய கருவிகள். வரையாட்டின் உடல் தனு; அஃது உலவும் மலை புவனம்; மேயும் புல் போகம். பிறவுயிர்க்கு அருளப்பட்டவற்றை நம்பொருட்டுச் சிதைத்தல் அவ்வருட்கு மாறாதலேயாம்.

அங்ஙனம் புவனம் சிதைந்தமை நீலகிரியிற் கண்கூடு. 19-ஆம் நூற்றாண்டில் விறகின்பொருட்டு அயல்நாட்டுச் சீகை மரங்கள் ஆண்டுக் கொணரப்பட்டன. பிற்காலத்துத் தோல் பதனிடும் பட்டைக்காகவும் மிகுதியாக நடப்பெற்றன. அவை தாமே பரவிப் புல்வெளியை மூடின. நட்டவர் வரையாட்டுக்குத் தீங்கு நினைந்தாரல்லர், விளைவை நோக்கினாருமல்லர். ஆகலின், தீங்கு நினையாமை மட்டும் அறமாகாது. நம் செயலால் பிறவுயிர்க்கு விளைவது யாதென இடையறாது நோக்கியறிதலும் வேண்டும். அறியாதவழி இரக்கம் குருடாம். விலங்கை எண்ணுவதோடு புல்லையும் மரத்தையும் ஆராய்ந்து குறித்தல் இதுபற்றியேயாம்.

இனி, எண்ணுதல் எல்லாம் ஒருதன்மைய அல்ல. வணிகன் ஆட்டை எண்ணுவது விலைக்கு. தாய் மக்களை எண்ணுவது ஒருவரும் குறையாமைக்கு. முன்னையது 'எனது' என்னும் பற்றின்பாற்படும், பின்னையது அன்பின்பாற்படும். வரையாட்டை எண்ணுவோர் ஒரே நிலத்தைப் பன்முறை சுற்றி, எட்ட நின்று கண்டவற்றைக் குறிப்பர். பிடியார், உரிமை கொள்ளார். காணாததைக் கண்டதாக எழுதின் அழிவு மறைந்து காவல் தவறுமாதலின், வாய்மையும் இத்தொண்டுக்கு இன்றியமையாததென்க.

எண்ணிறந்த உயிர்களை முற்ற அறிவான் இறைவனொருவனே. அவையனைத்தையும் எண்ணுதல் நமக்குக் கடனன்று. நம்மாற் குறைவுறுவனவற்றை எண்ணுதல் கடனாம்.