வீழ்ச்சிக்கு இரண்டு காரணங்கள்

வானதூதர்கள் எதனால் வீழ்ந்தார்கள் என்ற கேள்விக்கு யூத, கிறித்தவ மரபுகளில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு விடைகள் உள்ளன. பெரும்பகுதி கிறித்து பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டு, எத்தியோப்பியத் திருச்சபையால் இன்றும் மறைநூலாகப் போற்றப்படும் ஏனோக்கின் நூல், தூதர்கள் 200 பேர் மண்ணுலகப் பெண்களின் மேல் ஆசைகொண்டு எர்மோன் மலையில் இறங்கியதையே வீழ்ச்சியாகக் காட்டுகிறது. 'விழித்திருப்போர்', அதாவது உறக்கமின்றிக் காவல் காப்போர், என்பது அவர்களுக்கு அந்நூல் சூட்டும் பெயர். 5ஆம் நூற்றாண்டில் 'கடவுளின் நகரம்' என்னும் பெருநூலை எழுதிய புனித அகுஸ்தீன் இதை ஏற்கவில்லை. தூதர்கள் பிறரை விரும்பியதால் வீழவில்லை, இறைவனிடமிருந்து முகத்தைத் திருப்பித் தம்மையே நோக்கிய செருக்கால் வீழ்ந்தார்கள் என்பது அவர் கொள்கை. மேலைத் திருச்சபையில் நிலைத்தது அகுஸ்தீனின் விளக்கமே என்றாலும், ஆசையால் வீழ்வதும் செருக்கால் வீழ்வதும் ஒரே வீழ்ச்சிதானா என்ற ஐயம் அதனால் தீர்ந்துவிடவில்லை.

ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் 1995இல் எடுத்த 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் பெயருக்கு வீழ்ந்த வானதூதர்கள் என்பதே பொருள். முந்தைய ஆண்டு வெளிவந்த 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' படத்தின் மூன்றாவது கதையாக எண்ணப்பட்டுப் பிறகு தனிப்படமாக வளர்ந்த இதில் இறையியல் பேசுவோர் எவருமில்லை. கூலிக்குக் கொலை செய்யும் ஒருவன், அவனுக்கு வேலை ஏற்பாடு செய்து தரும் ஒருத்தி, பிறருடைய கடைகளை நள்ளிரவில் திறந்து வணிகம் நடத்தும் வாய் பேசாத இளைஞன் என, சட்டத்துக்குப் புறம்பே வாழும் சிலர் நகரத்தின் இரவுகளில் ஒருவரையொருவர் உரசிச் செல்கிறார்கள். ஆயினும் படத்தின் பெயரை வெறும் அலங்காரமாக ஒதுக்கிவிடாமல் அதன் முழுப் பொருளில் கொண்டால், மேற்சொன்ன இரண்டு விடைகளும் அதில் இரண்டு மனிதர்களாக நடமாடுவது புலப்படும்.

கொலைகாரன் தன் தொழிலை விரும்புவதற்குக் கூறும் காரணம் அச்சமூட்டுவது: யார் சாக வேண்டும், எப்போது, எங்கே என்பதையெல்லாம் மற்றவர்களே முடிவுசெய்துவிடுவதால் அவன் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. இதைச் சோம்பல் என்று அவனே சொல்லிக்கொண்டாலும், தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கைவிட்டவன் குற்றவுணர்விலிருந்து தப்புவதோடு நில்லாமல், பிறர் தன்னை அணுகக்கூடிய வாசல்களையும் ஒவ்வொன்றாக அடைத்துவிடுகிறான். ஒருகாலத்தில் அவனோடு பழகிய பொன்னிறக் கூந்தல்காரி பிரியும் வேளையில் அவன் கையைக் கடிப்பது, தன் முகம் மறந்தாலும் பல்தடமாவது அவனிடம் எஞ்சட்டும் என்பதற்காகவே. அகுஸ்தீன் சொன்ன, தன்னை நோக்கியே திரும்பிய உள்ளத்துக்கு இவனைவிடத் தெளிவான உருவம் திரையில் அரிது.

ஏற்பாட்டாளப் பெண்ணின் வீழ்ச்சி வேறு வகையானது. அவன் இல்லாத நேரத்தில் அவன் அறைக்குச் சென்று தூய்மைசெய்து, படுக்கையைத் திருத்தி, குப்பையை எடுத்துவந்து கிளறி, அவன் எங்கே குடிக்கிறான் என்பதைக் கண்டறிந்து, அதே மதுக்கடையில் அவன் அமரும் இடத்திலேயே போய் அமர்கிறாள். உற்சவமூர்த்தி எழுந்தருளாத நாளிலும் சன்னிதியைப் பெருக்கி வைக்கும் தொண்டுக்கு நெருங்கியது இது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று பெயரிட்டு அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்தது தமிழ் இலக்கணம்; இந்தப் படமோ அந்தப் புறத்தையே தன் களமாகக் கொள்கிறது.

இத்தகைய அன்பை அன்பென்று கொள்ளலாமா என்பதில்தான் சிக்கல். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் (1909–1943), 'கவனம்' என்ற சொல்லுக்குத் தன்னை ஒதுக்கிவைத்து எதிரிலிருப்பதை அதன் இயல்பிலேயே காணக் காத்திருத்தல் என்று பொருள் கொண்டு, அதன் உச்சமே இறைவேண்டல் என்றும், தூய அன்பு தொலைவைப் போக்க முயலாமல் அதற்கு இசையும் என்றும் கருதினார். ஏற்பாட்டாளப் பெண்ணும் தொலைவுக்கு இசைகிறாள். ஆனால் அருகில் சென்றால் மனத்திலுள்ள உருவம் கலைந்துவிடும் என்ற அச்சமும் அந்த இசைவில் கலந்திருக்கிறது, குப்பையிலிருந்து அவள் திரட்டும் மனிதன் பாதி அவளுடைய படைப்பாகவே இருக்கிறான். எனவே அவள் அன்பு தூயது என்று வாதிடுவது பொருந்தாது. ஆயினும் தன்னைவிட்டு வெளியே, இன்னொருவரை நோக்கிச் சாய்ந்த உள்ளம் அது. ஏனோக்கின் தூதர்களைப் போல அவள் விழுவது மனிதர்களை நோக்கி.

13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ், வானதூதருக்குச் சடப்பொருளாலான உடல் இல்லையாதலால் ஒவ்வொரு தூதரும் தனித்தனி இனம் என்று வாதித்தார். இனத்தார் என்று ஒருவரும் இல்லாத அந்தத் தனிமைதான் ஒளிப்பதிவாளர் கிறிஸ்டபர் டாயில் பயன்படுத்திய மிகையகலக் கண்ணாடிவில்லையில் கண்ணுக்குத் தெரிகிறது: தொடக்கக் காட்சியில் சிகரெட் பிடித்த ஏற்பாட்டாளப் பெண்ணின் கை நடுங்க, அவள் முகம் பெருகித் திரையை நிறைக்க, அதே அறையில் இருக்கும் கொலைகாரன் பின்னால் சிறுத்து எங்கோ ஒதுங்கிவிடுகிறான்.

கொலைகாரன் தன் கடைசி வேலையில் இறந்த பிறகு, அவளும் வாய் பேசாத இளைஞனும் ஓர் இரவு உணவுக்கடையில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். அவனும் இழந்தவன்: நேசித்தவளுக்கு அவன் முகமே நினைவில்லை, அடுப்படியில் நின்ற தந்தையை விடாமல் படம்பிடித்த அவனுக்கு, தந்தையின் மறைவுக்குப் பின் மிஞ்சியது அந்த ஒளிநாடா மட்டுமே. அவனுடைய மோட்டார் சைக்கிளில், ஒளி வழியும் சுரங்கப்பாதையில், அவள் அவன் முதுகில் சாய்ந்து போகிறாள். வழி நீண்டதல்ல, விரைவில் இறங்கிவிடுவோம் என்று அறிந்தே அந்த வெப்பத்தை உணர்கிறாள். அக்குவினாஸின் தூதர்களுக்கு அந்த வெப்பம் கிட்டாது, அதற்கு உடல் வேண்டும். சுரங்கம் முடிந்ததும் கட்டடங்களுக்கு மேலே விடியலின் வெளிறிய வானம் சற்றுத் தெரிகிறது.