இடிந்த சுவரும் எழும்பிய கேள்வியும்

இம்முறை நான் எழுதுவது ஜெயத்தின் சாட்சி அல்ல. கர்த்தர் என்னைக் கடிந்துகொண்ட சாட்சி.

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டார் புது அறை கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஒரு முழம்கூட விடாமல் தோண்டினார்கள். "அண்ணாச்சி, மழைக்காலம். கொஞ்சம் தள்ளித் தோண்டச் சொல்லுங்க" என்றேன். "கொத்தனார் பாத்துக்குவாரு தம்பி" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் ராத்திரி பெருமழை. மண் இளகி, சுவர் அந்தக் குழிக்குள் சரிந்தது. சுவர்மேல் தாங்கியிருந்த எங்கள் தாழ்வாரத்துக் கூரையும் இறங்கிவிட்டது. அதன் கீழே இருந்தது என் மனைவியின் தையல் மிஷின். உயிருக்குச் சேதமில்லை, கர்த்தருக்கே ஸ்தோத்திரம்! ஆனால் மிஷின் உடைந்துபோயிற்று.

இரண்டு மாதம் கழித்து, உபவாச ஜெபத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். "சுவர் போயிற்று, மிஷின் போயிற்று. நான் ஒரு பைசா கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன்" என்றேன். சபையே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. எனக்கும் உள்ளம் குளிர்ந்தது.

அன்று ராத்திரி என் மனைவி கையால் ஒரு ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டே கேட்டாள்: "மிஷின் என்னோடது. ரெண்டு மாசமா வரும்படி இல்லாம இருக்கறது நான். அல்லேலூயா வாங்கினது நீங்க. யாரு நஷ்டத்தை யாருங்க மன்னிச்சது?"

எனக்குப் பதில் வரவில்லை. முழங்காலில் நின்றேன். வேதத்தைத் திறந்தேன்.

யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில், ஒருவன் மூட்டிய தீ முட்செடியில் பற்றி அடுத்தவன் விளைச்சலை எரித்துவிட்டால், மூட்டினவன் ஈடுசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அஜாக்கிரதைதான். ஆனாலும் நஷ்டத்துக்கு அவனே பொறுப்பு. அப்படியானால் நஷ்டத்தைக் கேட்பது பாவமல்ல, பிரியமானவர்களே!

மத்தேயு 18-இல் உடன் ஊழியக்காரன் பட்டிருந்த கடன் நூறு வெள்ளிப்பணம். அதை அற்பத் தொகை என்று நானே பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் 20-ஆம் அதிகாரத்தில் ஒரு நாள் கூலி ஒரு பணம். மூலபாஷையில் இரண்டும் ஒரே நாணயம். நூறு நாள் உழைப்பு அது! நம் நஷ்டம் சின்னது என்று ஆண்டவர் சொல்லவில்லை. நமக்கு மன்னிக்கப்பட்டது அதைவிட எவ்வளவோ பெரியது என்றுதான் சொன்னார்.

பின்பு பிலேமோனுக்கு எழுதின நிருபத்துக்கு வந்தேன். ஒநேசிமுவால் நஷ்டம் உண்டானால் அதைத் தன் கணக்கில் வைக்கும்படி பவுல் எழுதுகிறார். அதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். "போனது போகட்டும் பிலேமோனே" என்று அவர் சொல்லிவிடவில்லை. அங்கேதான் ஆவியானவர் என்னைப் பிடித்தார். கிருபை என்றால் கணக்கை மறைப்பதல்ல. ஒருவர் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வது. கல்வாரியில் நம் கடன் காற்றோடு போகவில்லை. ஒருவர் செலுத்தினார். நானோ என் மனைவியைச் செலுத்த வைத்துவிட்டு, கிருபை காட்டினவன் என்று பேர் வாங்கினேன்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீயே தீர்மானம் பண்ணு" என்றேன். இரண்டு நாள் ஜெபித்துவிட்டுச் சொன்னாள்: "மிஷினுக்குக் கேளுங்க. சுவரு உங்க இஷ்டம்."

குற்றம் செய்தவனிடம் தனியாகப் போய்ப் பேசவேண்டும் என்று அதே மத்தேயு 18 போதிக்கிறதே! போனேன். சொல்லி முடித்தவுடன் அண்ணாச்சி கண்கலங்கிச் சொன்னார்: "தம்பி, நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு ரெண்டு மாசமாப் பாத்தேன். நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டே போனீங்க. இனிமே நம்ம கூட ஒட்டே வேணாம்னு நெனச்சிட்டாங்க போலன்னு வீட்ல பேசிக்கிட்டோம்."

நான் மன்னிப்பு என்று நினைத்த மவுனம், அவர் வாசலில் வெறுப்பாய்ப் போய் நின்றிருக்கிறது!

மிஷினுக்கு 11,000 ரூபாய். மாதம் ஆயிரமாய்க் கொடுத்துவருகிறார்; பாக்கி இன்னும் இருக்கிறது. சுவருக்கு நான் கேட்கவில்லை. வண்டி வாங்க எனக்கென்று சேர்த்த பணத்தில் கட்டினேன். அதனால் இன்னும் சைக்கிளில்தான் ஆராதனைக்கு வருகிறேன். அண்ணாச்சி சபைக்கு வந்தாரா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஆனால் சுவர் கட்டின நாளில் செங்கல் எடுத்துக் கொடுத்தார்.

அன்பான தேவபிள்ளையே! அயலகத்தார் ஆடு உன் செடியைத் தின்றிருக்கலாம். அவர்கள் பிள்ளையின் பந்து உன் ஜன்னலை உடைத்திருக்கலாம். மன்னித்தேன் என்று சாட்சி சொல்லுமுன் உன்னையே கேட்டுப்பார். அது யாருடைய நஷ்டம்? அவரிடம் முகம் பார்த்துச் சொன்னாயா? விட்டுக்கொடுத்தது உன் பையிலிருந்தா, உன் வீட்டாரின் பையிலிருந்தா? சேதப்படுத்தினவன் நீயானால், கிருபைக்குப் பின்னால் ஒளியாதே. சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க எழுந்து நின்றான்.

நம் கணக்கைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட கர்த்தர், பிறர் கணக்கை நம் கையால் செலுத்தும் மெய்யான கிருபையை நமக்குத் தருவாராக. ஆமென்!