மணிக்கு என்ன விலை போடுறது?

இன்னிக்கு சாமி விஷயம் இல்லை, எங்க வீட்டு மணி விஷயம். ஒரு வாரமா மனசைக் குடையுது, உங்ககிட்ட சொல்லாம வேற எங்க சொல்ல?

மணி நாட்டு நாய். மூணு வருஷம் முன்னாடி, அம்பத்தூர்ல ஒரு பெட்டிக்கடை ஓரமா மழையில நடுங்கிக்கிட்டு இருந்தவன். அவனுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம்னு ஆன்லைன்ல விண்ணப்பத்தைத் திறந்தேன். பேர், வயசு, இனம் எல்லாம் போட்டாச்சு. அடுத்த கட்டத்துல 'நாயின் விலை' என்று இருந்தது. விரல் அப்படியே நின்னுடுச்சு. பூஜ்யம்னு போடுறதா?

அவங்க மேல தப்பில்லை. சட்டத்தோட கண்ணுல நாயும் மாடும் உடைமைதான். அவங்க காப்பது மணியை அல்ல, மணியால் எனக்கு வரக்கூடிய நஷ்டத்தை.

இந்த யோசனையே எப்படி வந்துச்சுன்னா, போன ஐப்பசியில அவனுக்கு உண்ணிக் காய்ச்சல். சோத்தைத் திரும்பிப் பார்க்கலை, ஈறெல்லாம் வெளுத்துப்போச்சு. ராத்திரி பத்து மணிக்கு ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினேன். "ரெண்டு நாள் இங்கேயே வச்சு டிரிப்ஸ் போடலாமா?" என்று டாக்டர் கேட்டார். நான் முதல்ல பார்த்தது மணி முகத்தை இல்லை, போன்ல பேங்க் பேலன்சை. கடைசியில 11,600 ரூபாய் ஆச்சு. அதுல 5,000 நண்பன் கொடுத்தது. அவன் கொடுக்கலைன்னா, "மாத்திரை மட்டும் குடுங்க சார்"னு கூட்டிட்டு வந்திருப்பேனோ? நான் கணக்குப் பார்த்தது மணிக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் வாலாட்டி என் காலை நக்கினான். அதுதான் இன்னும் உறுத்துது.

சரி, பாலிசியைப் பொறுமையாப் படிச்சேன். வருஷத்துக்கு 4,200 ரூபாய். எடுத்த உடனே வர்ற நோய்க்குப் பணம் கிடையாது, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் கிடையாது. தடுப்பூசிச் செலவு நம்மளது. ஊசி போடாம விட்டு அந்த நோய் வந்தா அதுவும் நம்ம தலையில. எல்லாத்துக்கும் மேல, முதல்ல நாம கையிலிருந்து கட்டணும், பில் கொடுத்து அப்புறம்தான் வாங்கணும். அப்போ அந்த ராத்திரி பத்து மணிக்கு நான் அதே மாதிரி பேலன்சைத்தானே பார்த்துக்கிட்டு நின்னிருப்பேன்?

இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். "எனக்கு எடுத்தியாடா?"ன்னு ஒரே கேள்வி. அவங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, ஆனா அது நான் எடுத்தது இல்லையே. மனுஷனையும் நாயையும் ஒரே தராசுல வைக்கக் கூடாதுன்னு சுலபமா சொல்லிடலாம். சம்பளம் ஒண்ணுதான், தராசு தானா வந்து நிக்குது.

லட்சக்கணக்கில் ஆபரேஷன் வரலாம்னு பயப்படுறவங்க தாராளமா எடுக்கட்டும். லாப்ரடார் வளர்க்கிற என் நண்பன் எடுத்திருக்கான், அவங்களுக்கு இடுப்பு மூட்டுத் தொல்லை அதிகம். ஒண்ணும் ஆகலைன்னா கட்டின காசு வீணான்னு கேட்டா, வீண் இல்லை, பயமில்லாம தூங்கினோமே. மணிக்கு நான் எடுக்கலை. மாசம் 500 ரூபாயைத் தனிக் கணக்குல போட ஆரம்பிச்சேன். வேப்பேரியில, 1903-ல தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி இருக்கு. கூட்டத்துல காத்துக் கிடக்கணும், ஆனா செலவு தனியாரைவிட ரொம்பக் குறைவு. உங்க ஊர்ல அரசு கால்நடை மருத்துவமனை எங்க இருக்குன்னு இன்னிக்கே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

ஒண்ணு மறைக்கக் கூடாது. மூணாவது மாசமே போன் டிஸ்பிளே உடைஞ்சு, அந்தக் கணக்குல கை வச்சுட்டேன். பிரீமியமா கட்டியிருந்தா தொட்டிருக்க முடியாது. இப்போ அந்தக் கணக்கோட ஏடிஎம் கார்டு அம்மாகிட்ட. எங்க வச்சிருக்காங்கன்னு சொல்ல மாட்டேங்குறாங்க. நேத்து, "மணிக்கு அடுத்த ஊசி எப்போடா?"ன்னு அவங்களே கேட்டாங்க.