பதுமன் பிடிக்கும் குடை

ஆடித்தபசுக் கதை தெரியாதவர் எங்கள் சங்கரன்கோவிலில் கிடையாது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரியவர், பதுமனுக்குத் திருமால்தான் பெரியவர். வழக்கு முற்றி அம்பாளிடம் போய் நின்றார்கள். அதைத் தீர்த்துவைக்க அம்பாளான கோமதியம்மன் புன்னைவனத்தில் ஒற்றைக்காலில் தவமிருந்தாள். வலப்பாதி அரனும் இடப்பாதி அரியுமாக இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார்.

நான் பதினோராம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பிள்ளை இந்தக் கதையை இடைமறித்தாள். வீட்டிலேயே விசைத்தறி ஓடும் குடும்பம். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மெதுவாகப் பேச வராது. “அம்பாளுக்குத்தான் எல்லாம் தெரியுமே டீச்சர், பெறகு எதுக்கு ஒத்தக்கால்ல நிக்கணும்? ரெண்டு பேரையும் கூப்பிட்டு ‘ரெண்டும் ஒண்ணுதாம்ல’ன்னு சொல்லியிருக்கலாம்லா?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவர் என்பவர் யார் என்ற கேள்வியே அதற்குள் இருந்தது.

அன்று நடந்த பாடமும் நன்னூல் பாயிரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. மாணாக்கர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று அவர் தரம் பிரித்ததைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டியல் மேல் அவ்வளவு பிரியமில்லை. பதினாறு வயதுப் பிள்ளையை எருமை என்று சொல்ல ஒரு சூத்திரம் கையில் கிடைத்தால் சில ஆசிரியர்களுக்கு நாக்கு சும்மா இருக்காது. அதே பாயிரத்தில், பலரும் பரீட்சைக்குப் படித்து மறந்துவிடுகிற இன்னொரு இடம் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கல்வியில் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால். தான் கற்றதை மற்றவர்களுக்கு விரித்துச் சொல்லும்போதுதான் மீதி அரை.

இந்த நன்னூலுக்கும் எங்கள் சீமைக்கும் உறவு உண்டு. பக்கத்து ஊற்றுமலை ஜமீன்தார் மருதப்பத் தேவர் கேட்டுக்கொண்டதால்தான் திருநெல்வேலி சங்கர நமச்சிவாயர் இதற்கு விருத்தியுரை எழுதினார். பின்னால் சிவஞான முனிவர் அதைத் திருத்திச் செப்பம் செய்தார். அவரும் பாபநாசத்துப் பக்கம் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். ஒருவர் எழுதிய உரையை அடுத்தவர் பாடம் கேட்பதுபோல் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்திருக்கிறார். பெரும்புலவர்களும் மாணவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. “வீட்டுல போய் உன் தம்பிக்கு இந்தக் கதையைச் சொல்லு, பெறகு வா” என்றேன். மறுநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். தம்பி அவளை மடக்கிவிட்டானாம். “சங்கன் அவஞ்சாமிய விட்டுட்டானா? விடலேன்னா என்னத்தப் படிச்சான்?” என்று கேட்டிருக்கிறான்.

அந்தப் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. புதிதாக ஒன்றைக் கற்றால் பழையதைக் கைவிட வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கைவிட மனமில்லாததால்தான் பலர் கற்கவும் மறுக்கிறார்கள். சங்கன் கடைசிவரை சிவபக்தன்தான், பதுமன் திருமாலடியான்தான். ஆனால் சங்கரநாராயணர் சன்னதியில் சிவன் பாகத்துக்குக் குடை பிடிப்பவன் பதுமன், திருமால் பாகத்துக்குக் குடை பிடிப்பவன் சங்கன் என்று கோயிலில் சொல்வார்கள். அவர்கள் படித்தது அவ்வளவுதான். தன் சாமியை விடாமலே அடுத்தவன் சாமிக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்வது. பேச்சில் ஜெயிப்பதைவிட இது கஷ்டம்.

அம்பாள் விஷயத்துக்கு வருகிறேன். நாகங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் அவளும் எடுத்துக்கொண்டாள். அவர்கள் ஜெயிப்பதற்காகக் கேட்டார்கள். அவள், விடை தெரிந்திருந்தும், எல்லாரும் கண்ணால் காணவேண்டும் என்பதற்காகத் தன் காலை வருத்திக்கொண்டு கேட்டாள். பவணந்தியார் சொன்ன அந்த அரைப்பங்கு இங்கேதான் நடக்கிறது. “ரெண்டும் ஒண்ணுதாம்ல” என்று வாயால் சொல்லியிருந்தால் நாகங்களுக்குக் கால் பங்குதான் கிடைத்திருக்கும்.

ஊரும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போகும் செய்தியாக மட்டும் விடவில்லை. ஆடியில் கொடியேறியதும் பெண்கள் ஆடிச்சுற்று தொடங்கிவிடுவார்கள். நூற்றெட்டு முறை கோயிலைச் சுற்றுகிறவர்கள் உண்டு. அம்மனின் கால்வலியில் நமக்கும் பங்கு என்பது அவர்கள் கணக்கு. தபசன்று தெற்கு ரத வீதியில் விவசாயிகள் பருத்தியும் வத்தலும் காய்கறியும் அம்மன்மேல் சூறைவிடுவார்கள். சாயங்காலம் சங்கரநாராயணர் காட்சி, இரவில் யானை வாகனத்தில் சங்கரலிங்க சுவாமி காட்சி. நடுவில் அத்தனை கூட்டமும் காத்துக்கிடக்கும்.

தபசு பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பாம்பு எந்தச் சாமிக்குக் குடை பிடிக்கிறது என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். கதையை மட்டும் சொல்லி, வீட்டில் இருக்கிற சின்னவர்களுக்குப் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.