ரிசப்ஷனுக்கு டிஜே: ஒரு தகப்பனார் கேட்ட கேள்வி

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! செவ்வாய்க்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு தகப்பனார் என் அறைக்கு வந்தார். அடுத்த மாதம் மகளுக்கு நிகாஹ். ரிசப்ஷனுக்கு டிஜே வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம். செலவு பெண் வீட்டார் தலையில். "ஹஜ்ரத், முடியாதுன்னு சொன்னா நாளைக்கு என் மகளை அங்க எப்படி நடத்துவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. எத்தனையோ கல்யாணங்களில் குத்பா ஓதிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மண்டபத்தில் ஸ்பீக்கர் பாக்ஸ் இறங்குகிற நேரத்தில் செருப்பைத் தேடிக் கிளம்பியவன் நான். இரவு என்ன நடக்கும் என்று தெரியாமலா கிளம்பினேன்?

நம் மார்க்கம் கல்யாணத்தில் சந்தோஷப்படக் கூடாது என்று சொல்லவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை அன்சாரி ஒருவருக்கு மணமுடித்து அனுப்பிவைத்தபோது, கேளிக்கை எதுவும் இல்லையா, அன்சாரிகள் அதை விரும்புவார்களே என்று நபி (ஸல்) அவர்களே கேட்டதாக புகாரியில் வருகிறது. ருபய்யிஃ (ரலி) அவர்களின் திருமணத்தின்போது சிறுமிகள் தஃப் அடித்துப் பத்ரில் ஷஹீதான தங்கள் முன்னோரைப் பற்றிப் பாடினார்கள். நபியவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடம் இருக்கிறார் என்று ஒரு சிறுமி பாடியபோது, அதை மட்டும் விட்டுவிடச் சொல்லி, முன்பு பாடியதையே பாடச் சொன்னார்கள். பாட்டை நிறுத்தவில்லை, தவறான ஒரு வரியைத்தான் நிறுத்தினார்கள்.

இளைஞர்கள் செல்போனில் இப்னு ஹஸ்மின் கருத்தைக் காட்டுகிறார்கள். இசைக்கருவிகள் விஷயத்தில் அவர் பெரும்பான்மை உலமாக்களுக்கு மாறுபட்டவர், உண்மைதான். ஆனால் தம்பி, மண்டபத்தில் நடப்பது இசையைப் பற்றிய சட்ட ஆராய்ச்சியா? விளக்கை அணைத்து, கலர் லைட்டைச் சுழலவிட்டு, மணப்பெண்ணை எல்லா ஆண்களுக்கும் முன்னால் ஆடச் சொல்கிறார்கள். வெட்கத்தில் குனிந்து நிற்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். இஷா பாங்கு அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழுவதில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று நாட்டுச் சட்டமே சொல்கிறது. பக்கத்து வீட்டு நோயாளிக்கு அந்தச் சட்டமும் உதவுவதில்லை. அண்டை வீட்டார் உரிமை பற்றி இந்த மிம்பரில் எத்தனை தடவை பேசியிருப்போம்!

இன்னொன்று. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மணமுடித்தபோது, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னது யாரிடம்? மாப்பிள்ளையிடம். அவருடைய மாமனாரிடம் அல்ல. பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கி மாப்பிள்ளையின் நண்பர்களை ஆடவைக்க வேண்டும் என்பதற்கு எந்த மத்ஹபில் இடம் இருக்கிறது?

அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன்: "நீங்க யாருகிட்டயும் எதுவும் மறுக்க வேண்டாம். ஞாயிறு அஸருக்கு மாப்பிள்ளையையும் அவங்க வாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. நான் பேசுறேன்." மறுக்கிற பாரத்தைப் பெண் வீட்டார் மேல் வைத்தால் அது அந்தப் பிள்ளையின் தலையில்தான் விடியும். மகனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிற வாப்பாமார்கள் இந்த ஸஃப்களிலும் இருக்கிறீர்கள். தொழுகை முடிந்ததும் சம்பந்திக்கு ஒரு போன் போட்டு, "டிஜே வேண்டாம் காக்கா, வலீமாவை நாங்க பார்த்துக்கறோம்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்டு அந்தப் பையனை நெருக்காதீர்கள். அவனும் யாரோ ஒரு தாய்க்குச் சோறு போடுகிறவன். நிகாஹ் மஜ்லிஸுக்கு மைக்கும் லைட்டும் வேண்டும்தானே, அந்த வேலையை அவனுக்கே கொடுங்கள்.