அளவிறந்த அண்டமும் இடைகழியில் நெருங்கிய எம்பெருமானும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



ப்ரஹ்மோத்ஸவ நாள்களில் எம்பெருமான் பல வாஹனங்களில் எழுந்தருளி ஸேவை ஸாதிக்கிறான். அவற்றுள் சூர்யப்ரபைக்கென்று ஒரு தனி அழகு உண்டு. வானத்தில் மெய்யான சூரியன் சுடர்கிறான். வீதியிலோ பொன்வட்டமான ப்ரபையின் நடுவே பெருமாள் எழுந்தருளி வருகிறான். திருமலையில் ஏழாம் திருநாள் காலையில் இந்த ஸேவை, அன்றிரவே சந்த்ரப்ரபை. சில முழங்களில் அளந்துவிடக்கூடிய அந்தப் பொன்வட்டம் எத்தகைய பொருளைக் குறிக்கிறது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உத்ஸவத்தில் அடியேன் இந்த ஸேவையின் பெருமையைச் சொல்லி முடித்து மேடையைவிட்டு இறங்கியபோது, கல்லூரியில் பௌதிகம் பயிலும் இளைஞர் ஒருவர் அருகே வந்தார். அவ்வாண்டுதான் தாயை இழந்தவர். "ஸ்வாமி, இவ்வளவு பெரிய ப்ரபஞ்சத்தில் என் தாய் நோயில் கிடந்ததும் நாங்கள் அழுததும் யாருக்குத் தெரிந்திருக்கும்?" என்று கேட்டார். அன்று அடியேனால் தக்க விடை சொல்ல இயலவில்லை. ப்ரஸாதத்தை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். கேள்வி மட்டும் என்னுடன் வீடு வந்து சேர்ந்தது. அதற்காகவே இன்று இச்சில சொற்கள்.

அக்கேள்வியின் கனத்தை உணர, அவர் படித்த கணக்கை நாமும் அறிய வேண்டும். சூரியன் நமக்கு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளான். விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் விரையும் ஒளியே அங்கிருந்து இங்கு வர 8 நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. நம் பூமியைப் போன்ற 109 உருண்டைகளை வரிசையாக வைத்தால் அவன் குறுக்களவுக்குச் சரியாகும். அவன் கனபரிமாணத்தை நிரப்பவோ 13 லட்சம் பூமிகள் வேண்டும். ஒவ்வொரு விநாடியும் தன்னில் 40 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருளை ஒளியும் வெப்பமுமாக்கி இறைக்கிறான். 460 கோடி ஆண்டுகளாகச் சுடர்ந்துவருகிறான். 2023 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நம் நாட்டு ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரியில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது. அத்தனை தூரம் சென்றும், சூரியன் வரையுள்ள வழியில் அது நூற்றில் ஒரு பங்கே.

இனி நாம் பஞ்சாங்கத்தில் நாள்தோறும் பார்க்கும் நக்ஷத்ரங்களுக்கு வருவோம். எம்பெருமானுக்குரிய திருவோணத்தின் முதன்மை விண்மீனிலிருந்து ஒளி புறப்பட்டு நம்மை அடைய ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகின்றன. சக்ரவர்த்தித் திருமகன் அவதரித்த புனர்பூசத்தின் ஒளிமிக்க மீனுக்கு 34 ஆண்டுகள். கண்ணன் பிறந்த ரோஹிணிக்கு ஏறத்தாழ 65 ஆண்டுகள். உங்களில் அறுபத்தைந்து வயதான பெரியவர் ஒருவர் இன்றிரவு ரோஹிணியைக் கண்டால், தாம் பிறந்த காலத்தில் புறப்பட்ட ஒளியையே காண்கிறார்! உடையவர் அவதரித்த திருவாதிரையோ பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ளது. அச்செம்மீனைச் சூரியன் இருக்குமிடத்தில் வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கின் பாதைகளும் அதன் வயிற்றுக்குள் அடங்கிவிடும்.

இவையெல்லாம் ஆகாசகங்கை என்னும் நம் விண்மீன் கூட்டத்தில், நமக்கு அண்டை வீட்டார். அக்கூட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு. அதிலுள்ள சூரியர்கள் பதினாயிரம் கோடிக்குக் குறையாதவர். அதுபோன்ற மற்றொரு பெருங்கூட்டமான ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. இப்படிப்பட்ட கூட்டங்களே பல்லாயிரம் கோடி என்று கணிக்கிறார்கள்.

இக்கணக்கின் முன் நம் ஊர் எங்கே? நம் தெரு எங்கே? ஒரு தாயின் படுக்கை எங்கே? அவ்விளைஞர் திகைத்ததில் குற்றமில்லை.

ஸ்ரீ விஷ்ணு புராணத்தில் பராசர மஹரிஷி, இத்தகைய அண்டங்கள் கோடிகோடியாக உள்ளன என்று அருளிச்செய்கிறார். மஹரிஷிகள் ஒளியாண்டைக் கணக்கிட்டார்கள் என்று அடியேன் சொல்ல வரவில்லை. அளவின்மையைக் கண்டு அவர்கள் கலங்கவில்லை என்பதே சொல்லவந்தது. ஏன் கலங்கவில்லை? அதற்கு விடை ப்ருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணத்தில் உள்ளது. சூரியனுக்குள் இருப்பவனும், சூரியனால் அறியப்படாதவனும், சூரியனைச் சரீரமாகக் கொண்டு உள்ளிருந்து நியமிப்பவனும் எவனோ அவனே உன் அந்தர்யாமி என்று யாஜ்ஞவல்க்யர் உபதேசிக்கிறார். பின்பு அதே வாக்கிய அமைப்பில் மூச்சைச் சொல்கிறார், கண்ணைச் சொல்கிறார், செவியைச் சொல்கிறார், மனத்தைச் சொல்கிறார். பூமியைப் போல் 13 லட்சம் மடங்கு பெரிய சூரியனுக்கும் ஒரு வாக்கியம். நம் நாசியில் வந்துபோகும் மூச்சுக்கும் அதே வாக்கியம்! சூரியனில் பெரும்பங்கும் மூச்சில் சிறுபங்குமாக அவன் பிரிந்து நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் பரிபூர்ணனாகவே நிற்கிறான்.

மனிதர் கணக்கு வேறு. பத்துப் பேரை ஆள்பவன் பத்துப் பெயரையும் அறிவான். பத்தாயிரம் பேரை ஆள்பவன் அறியமாட்டான். ஆளுமிடம் பெருகப் பெருக அறிவு குறைவது நம் குறை. அக்குறையை எம்பெருமான்மேல் ஏற்றுவதால்தான் நமக்கு அச்சம் பிறக்கிறது.

சாந்தோக்யம் சூர்யமண்டலத்தின் நடுவே பொன்மயமான புருஷனைக் காட்டி, அவன் திருக்கண்களைச் சிறப்பித்துப் பேசுகிறது. அவ்விடத்திலுள்ள 'கப்யாஸம்' என்ற சொல்லுக்கு யாதவப்ரகாசர் தகாத பொருள் கூற, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இளைய ராமாநுஜரின் கண்ணீர் சுடச்சுட அவர் தொடைமேல் விழுந்தது என்பர் பெரியோர். சூரியனால் மலர்த்தப்பட்ட தாமரை போன்ற கண்கள் என்பது உடையவர் அருளிய பொருள். எத்தனை இனிய பொருள்! 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் ஜடமான சூரியனே நம் ஊர்க் குளத்துத் தாமரையை இதழ் இதழாகத் தொட்டு மலர்த்துகிறான். அச்சூரியனுக்குள்ளும் நமக்குள்ளும் இருப்பவனுடைய கடாக்ஷத்துக்குத் தூரம் ஏது?

திருக்கோவலூரை நினையுங்கள். அங்கே எழுந்தருளியிருப்பவன் உலகளந்த பெருமாள். ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்தவன். அவ்வூரில் ஒரு மழையிரவில், ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் மட்டுமே போதுமான இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் ஒதுங்கி நின்றார்கள். அவ்விருட்டில் நான்காமவன் ஒருவன் புகுந்து நெருக்கினான். யாரென்று காணப் பொய்கையாழ்வார் கதிரவனையே விளக்காக்கிப் பாடினார். நெருக்கியவன் அந்த உலகளந்தானே! விண்ணுலகம் முழுதும் போதாத திருவடிகளுக்கு, அடியார் நடுவே ஒரு சாண் இடம் போதுமாயிற்று. அளவின்மை அவன் பரத்வம். நெருக்கம் அவன் ஸௌலப்யம். இரண்டையும் சேர்த்து அறிந்தவனே அவனை அறிந்தவன்.

அவ்விளைஞர் இம்மலரைப் படிக்க நேர்ந்தால் அவருக்குச் சொல்வது இதுவே: அப்பா, சூரியன் மிகப் பெரியவன்; அவன் உன் தாயை அறியான். அறிந்தவன் அவள் மூச்சினுள்ளேயே இருந்தான். நீங்கள் அழுதபோது உங்கள் நெஞ்சிலும் அவனே இருந்தான். மூச்சு நின்ற பின்னும் அவ்வாத்மாவை அவன் கைவிடவில்லை. அதற்கும் உயிராய் உடன் சென்றான்.

அன்பர்களே! சூர்யப்ரபை வரும்போது கூட்டம் நெருக்கும், வெயில் சுடும், முன்னிற்பவர் தோள் மறைக்கும். அப்போது எரிச்சல் கொள்ளாதீர்கள். இதுவே நம் இடைகழி. கோடி சூரியர்களை இயக்குபவன், நம் தெருவின் அகலத்துக்குத் தன்னைக் குறுக்கிக்கொண்டு, பூத்த திருக்கண்களோடு நம்மை நோக்கி வருகிறான். கைகூப்புவோம். அவன் திருவருள் அனைவர்க்கும் பெருகுவதாக!