முதல் தையல் எவர் மீது?

கருப்பையை அகற்றும் அறுவை, வயிற்றில் சிறு துளைகளிட்டு 1988 இல் அமெரிக்காவில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. அகற்றியபின் உட்புறத்தைத் தைத்து மூட வேண்டும். துளைவழியே முடிச்சிடுவதோ கடினம். ஆதலின் நுண்முட்களால் தசையைப் பற்றும் முடிச்சில்லா நூல் போன்ற புதுச் சாதனங்கள் வருகின்றன. அவற்றை ஏதேனும் ஒரு பெண்ணின் உடலில் முதலில் சோதித்தே ஆகவேண்டும். அப்பெண் யார்?

சோதனையே கூடாதென்பது அறியாமை. குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடல்நூலால் தைக்கும் முறையை எழுதிவைத்ததும் புதுமையே.

ஆனால் மேரியன் சிம்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், மகப்பேற்றில் கிழிந்த உறுப்பைத் தைக்கும் வழியை 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்கள் மீது, மயக்கமருந்தின்றிச் சோதித்தார். அனார்க்கா என்பவள் ஏறத்தாழ முப்பது முறை அறுக்கப்பட்டாள். இறுதியில் வெள்ளிக்கம்பித் தையல் வென்றது. பயன் மெய், அநீதியும் மெய். ஒன்று மற்றொன்றைக் கழுவாது.

அடிமைமுறை ஒழிந்தது, மறுக்க இயலாமை ஒழிந்ததா? மயக்கத்திலிருந்த பெண்ணின் கருப்பையைத் தாயின் சம்மதம் பெற்று அகற்றிய வழக்கில், அச்சம்மதம் செல்லாதென 2008 இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி பிறந்த புதுக்கோட்டைச் சீமையிலும், மனைவிக்கான படிவத்தில் கணவர் கையெழுத்திடுவதைக் காண்கிறோம்.

உடல் அவளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குப் பிறர் வாக்களிக்கலாகாது. பழைய தையலே போதுமென மறுக்கலாம், மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை, கணவரும் மாமியாரும் இல்லாத அறையில் அவளுக்கு விளங்கும் தமிழில் மருத்துவர் சொல்லட்டும். அதன்பின்னும் அவள் இசைந்தால், அது பின்வரும் பெண்களுக்கு அவள் வழங்கும் தருமம்.